பழைய எண் 6, புதிய எண் 5

சென்னையில் விலாசம் எழுதுவது ஒரு தனிக் கலை. எங்கள் வீட்டுக்குப் பழைய எண் 14, புதிய எண் 31. நாலு வீடு தள்ளி இருப்பவருக்குப் பழைய எண் 31. கூரியர் பையன் அங்கே நின்றுகொண்டு போன் பண்ணுவான்: "ஸார், உங்க வாசல்லதான் நிக்கறேன். வீடு பூட்டியிருக்கே!" நாங்கள் வீட்டில்தான் இருப்போம். கதவும் திறந்துதான் இருக்கும். நம்பர்தான் வேறு.

இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் பி.காம். எழுதுவது ஆசை, கணக்கு எழுதுவது பிழைப்பு. பத்திரிகை ஆபீஸிலிருந்து செக் வருகிற வரைக்கும் அடுப்பு எரிய வேண்டுமே! அதனால் அக்கம்பக்கத்தில் நாலைந்து கடைகளுக்கு டேலியில் கணக்குப் போட்டு, மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கிறேன். அதில் பெரிய கஸ்டமர், மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஆணி, பெயின்ட், பைப், பாத்ரூம் குழாய் எல்லாம் விற்கிறார். "நீயும் கம்ப்யூட்டர்ல ஹார்டுவேருங்க, நானும் ஹார்டுவேருங்கேன். ஆனா என்னுதுதான் தம்பி காலில் விழுந்தா வலிக்கும்" என்பார்.

அண்ணாச்சியிடம் ஒரே குறை, அவருடைய நீள நோட்டு. வாங்கினது, விற்றது எல்லாவற்றையும் அதில் எழுதிவிட்டு, அப்புறம்தான் பில்லை என்னிடம் கொடுப்பார். "அண்ணாச்சி, எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. இன்னும் எதுக்கு நோட்டு? தூக்கிப் போடுங்க" என்று 2025 ஏப்ரலில் ஒரு பெரிய லெக்சர் அடித்தேன். அவரும் தலையை ஆட்டினார்.

இனி என் லேப்டாப். 2012-ல் வாங்கியது. அப்போது விண்டோஸ் 7. அப்புறம் இலவசமாகக் கொடுத்தார்களே என்று விண்டோஸ் 10-க்கு மாறினேன். அந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அடுத்த விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் அதற்கு டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்பு சமாசாரம் வேண்டுமாம். என் லேப்டாப்பில் அது கிடையாது. புது லேப்டாப் வாங்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்தேன். "வாஷிங் மெஷினும் 2012-ல வாங்கினதுதான்" என்று பதில் வந்தது. பேச்சை அதோடு முடித்துக்கொண்டேன்.

வழி சொன்னவன் என் மச்சினன். கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். "மாமா, லினக்ஸ் போடுங்க. காசு கிடையாது. விண்டோஸும் பக்கத்துலயே இருக்கட்டும். எது வேணுமோ அதை ஆரம்பத்துலயே செலக்ட் பண்ணிக்கலாம்" என்றான். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். இதற்கு 'டூயல் பூட்' என்று பேர். டேலிக்கு விண்டோஸ், எழுத்து, இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் லினக்ஸ். தீபாவளி லீவில் வந்தவன், டிஸ்க்கின் கடைசி அறையைக் காலி பண்ணி உபுண்டுவை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு மாதம் இரண்டு குடித்தனமும் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தன.

சண்டையைக் கிளப்பினது நான்தான்.

2025 நவம்பர் 19, புதன்கிழமை. மறுநாள் 20-ம் தேதி, 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். நல்ல பிள்ளையாக ராத்திரி எட்டு மணிக்கு டேலியைத் திறந்தேன். C டிரைவ் நிறைந்துவிட்டது என்று சிவப்புக் கோடு காட்டியது. பக்கத்தில் D டிரைவ். அதில் இருந்ததெல்லாம் பழைய சினிமாவும் காமெடி சீன்களும். அதை அழித்துவிட்டு இடத்தை C-க்குக் கொடுத்தால் என்ன?

காமெடி சீன்களைப் பத்திரமாக வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற இடத்துக்குப் போய் D-யை அழித்தேன். "நிச்சயமாகவா?" என்று கேட்டது. கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விக்கு நாம் எப்போது யோசித்துப் பதில் சொல்லியிருக்கிறோம்? "எஸ்."

இடம் காலியானது. ஆனால் C-யைப் பெரிதாக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கலாகவே இருந்தது. அமுக்கினாலும் அசையவில்லை. சரி, ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற தேசிய நம்பிக்கையில் ரீஸ்டார்ட் பண்ணினேன்.

கறுப்பு ஸ்க்ரீன். வெள்ளை எழுத்தில் இரண்டே வரி. 'அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒன்று. அதற்குக் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ'. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அணைத்துப் போட்டேன். அதே. பாட்டரியைக் கழற்றி மாட்டினேன். அதே. லேசாகத் தட்டினேன். அதே.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கத்துச் சர்வீஸ் கடைக்கு ஓடினேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபார்மேட் பண்ணிட்டுப் புதுசா ஏத்திரலாம் ஸார். எழுநூறு ரூபா. ஒரு மணி நேரம்" என்றான்.

"டேட்டா?"

"போயிரும் ஸார். பேக்கப் இருக்குல்ல?"

அப்போதுதான் அடிவயிற்றில் சில்லென்றது. பேக்கப் இருந்தது. வாராவாரம் எடுத்து வைப்பேன். எங்கே வைப்பேன்? D டிரைவில்!

காமெடி சீன் அத்தனையும் பத்திரம். அண்ணாச்சியின் ஏப்ரல் முதலான ஏழு மாதக் கணக்குக்கு இப்போது உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அது திறக்காத அந்த லேப்டாப்பின் C-க்குள் இருந்தது. ரிட்டர்ன் லேட்டானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் அபராதம், கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. அதைக் கூட என் கைக்காசிலிருந்து கட்டிவிடலாம். 'நோட்டைத் தூக்கிப் போடுங்க' என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு மச்சினனுக்குப் போன் போட்டேன். மணி பத்து நாற்பது.

"மாமா, பதறாதீங்க. ஸ்க்ரீன்ல என்ன இருக்கு, ஒரு எழுத்து விடாம படிங்க."

படித்தேன்.

"கோடு கண் சிமிட்டுதா?"

"சிமிட்டுது மாப்ளே."

"அப்ப உசிரோட இருக்கு. உங்க பதிலுக்குக் காத்திட்டிருக்கு. சரி, எதையாவது அழிச்சீங்களா?"

மௌனம்.

"அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இல்லை. D-யை அழிச்சேன்."

அவன் சிரித்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அடுத்த பத்து நிமிஷத்தில் அவன் சொன்னது, நான் பி.காம் மூன்று வருஷத்தில் படித்ததைவிடத் தெளிவாக இருந்தது. எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரை ஆன் பண்ணியதும் அதற்கு ஒன்றுமே தெரியாது. விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் டிஸ்க்கில் தூங்குகின்றன. அவற்றை எழுப்ப ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமை எழுப்ப? தன் தலைமுடியைத் தானே பிடித்துத் தூக்கிக்கொள்கிற மாதிரி வேலை இது. அதனால்தான் பழைய மாடல்களில் டிஸ்க்கின் வாசலிலேயே 512 பைட்டில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது. 446 பைட் எழுப்புகிற புரோகிராமுக்கு. 64 பைட் அறைகளின் பட்டியலுக்கு. 2 பைட் கடைசியில் முத்திரை. கூட்டிப் பாருங்கள், டேலி ஆகும்.

446 பைட் என்பது எவ்வளவு? இப்போது வழக்கத்தில் இருக்கும் யூனிகோடு முறையில் தமிழில் எழுதினால் 150 குறியீடு கூடக் கொள்ளாது. இந்தப் பத்தியையே அதற்குள் அடக்க முடியாது. எனவே அந்தத் துண்டுச்சீட்டு ஒரே காரியம்தான் செய்யும். பக்கத்துத் திண்ணையில் படுத்திருக்கும் வாட்ச்மேனைத் தட்டி எழுப்பும். அந்த வாட்ச்மேன்தான் 'க்ரப்'. எரிக் போலின் என்பவர் 1995-ல் ஆரம்பித்து வைத்தது. 'க்ரப்' என்றால் ஆங்கிலத்தில் புழு என்றும் அர்த்தம். அன்று ராத்திரி எனக்கு அந்த அர்த்தம்தான் பொருத்தமாகப் பட்டது.

வாட்ச்மேனுக்குத் திண்ணையில் இடம் கம்மி. அவருடைய மெனு, மற்ற சாமான்கள் எல்லாம் உள்ளே லினக்ஸ் அறையில் இருக்கின்றன. 'எழுந்ததும் 6-ம் நம்பர் அறைக்குப் போ' என்று மட்டும் அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறது.

இப்போது அறைகளுக்கு வருவோம். பட்டியலுக்கு 64 பைட். ஓர் அறைக்கு 16 பைட். ஆக, நாலே அறைதான் எழுத முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஓர் அறையைப் பெரிய கூடமாக்கி, உள்ளே தடுப்புப் போட வேண்டும். அந்தத் தடுப்புகளுக்கு லினக்ஸ் கணக்கில் 5-லிருந்து நம்பர். என் லேப்டாப்பில் 5-ம் நம்பர், D. 6-ம் நம்பர், லினக்ஸ். இந்த நம்பரை எங்கும் ஆணி அடித்து மாட்டவில்லை. சங்கிலி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்கொண்டே போவதுதான்.

நான் 5-ஐ இடித்துவிட்டேன். 6 என்ன ஆகும்?

"மாமா, உங்க லினக்ஸ் எங்கேயும் போகலை. அது இப்போ 5. க்ரப் இன்னும் 6-ன்னு தேடுது."

கூரியர் பையன்! பழைய எண் 6, புதிய எண் 5!

சாம்பல் பொத்தானின் மர்மமும் அப்போதே விளங்கியது. D இருந்தது கூடத்துக்குள். C இருப்பது கூடத்துக்கு வெளியே. கூடத்துக்குள் சுவரை இடித்தால் வெளி அறை எப்படிப் பெரிதாகும்?

"இப்ப எல்.எஸ்.னு அடிச்சு என்டர் தட்டுங்க" என்றான். 'லிஸ்ட்' என்பதன் சுருக்கம். அடித்தேன். அடைப்புக்குறிகளுக்குள் அறைகள் வரிசையாக வந்தன. 'எம்.எஸ்.டாஸ் 5', 3, 2, 1. ஆறைக் காணோம்.

"ஒவ்வொண்ணாத் திறந்து பாருங்க. எல்.எஸ். அடிச்சு, அந்த அடைப்புக்குறி பேரை அப்படியே அடிச்சு, கடைசியில ஒரு சாய்வுக்கோடு."

1: 'தெரியாத ஃபைல் ஸிஸ்டம்.' 2: அதே. எனக்குத் தொண்டை வறண்டது. 2 என்றால் C ஆயிற்றே!

"மாப்ளே, C போச்சு!"

"போகலை மாமா. வாட்ச்மேனுக்கு இப்போதைக்கு லினக்ஸ் பாஷை மட்டும்தான் தெரியும். விண்டோஸ் பாஷை கத்துக்கற புஸ்தகமும் அந்த லினக்ஸ் அறையிலதான் இருக்கு. 5-ஐத் திறங்க."

திறந்தேன். மளமளவென்று பெயர்கள் வந்தன. எடிசி, ஹோம், பூட்... கூடவே 'லாஸ்ட் ப்ளஸ் ஃபவுண்ட்' என்று ஒன்று. ஸென்ட்ரல் ஸ்டேஷனில் பெட்டியைத் தொலைத்தவனுக்கு அந்தக் கவுன்ட்டர் போர்டைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அப்புறம் நாலு வரி. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டே அடித்தேன். ஒன்று: 'ப்ரிஃபிக்ஸ்' என்பதை, 5-ம் அறையில் பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் க்ரப் ஃபோல்டர் என்று செட் செய்வது. இரண்டு: 'ரூட்' என்பதை 5-ம் அறை என்று செட் செய்வது. மூன்று: 'இன்ஸ்மாட் நார்மல்'. நான்கு: வெறும் 'நார்மல்'.

மூன்றாவது வரிக்கு ஒரு பதிலும் வரவில்லை.

"சத்தமே இல்லையே?"

"சத்தம் இல்லைன்னா சரியா நடந்திருக்குன்னு அர்த்தம் மாமா."

எங்கள் வீட்டில் நேர் எதிர்.

நாலாவது வரியை அடித்து என்டரைத் தட்டினேன். பளிச்சென்று வந்தது பழைய மெனு! உபுண்டு, அதற்குக் கீழே விண்டோஸ். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்றுகூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளவில்லை. (இந்த வரியை வீட்டில் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

"நேரா லினக்ஸுக்குப் போய் ரிப்பேர் பண்ணிடலாமா?" என்றேன்.

"அப்புறம். முதல்ல விண்டோஸுக்குப் போங்க. உங்க கணக்கைப் பென் டிரைவ்ல ஏத்துங்க. உசிரைக் காப்பாத்திட்டு அப்புறம் வைத்தியம்."

இருபத்தொரு வயசுப் பையன்! பேக்கப் எடுத்தேன். பென் டிரைவில் ஒன்று, எனக்கே நான் அனுப்பிக்கொண்ட மெயிலில் ஒன்று. அதற்கப்புறம்தான் ரீஸ்டார்ட். மறுபடி அதே கறுப்பு ஸ்க்ரீன், அதே கண் சிமிட்டல். நாம் அடித்த நாலு வரியும் அந்த ஒரு தடவைக்குத்தான். வாட்ச்மேன் தூங்கி எழுந்தால் மறுபடி 6-ஐத்தான் தேடுவார்.

ஆனால் இந்தத் தடவை கை நடுங்கவில்லை. போனை வைத்துவிட்டு, காகிதத்தைப் பார்த்து நானே அடித்தேன். மெனு வந்தது. உபுண்டுவுக்குள் போய், டெர்மினலைத் திறந்து, அவன் சொல்லியிருந்த இரண்டு கட்டளைகள். முதலாவது 'க்ரப் இன்ஸ்டால்'. அது வாட்ச்மேனுக்குப் புது விலாசத்தை எழுதிக் கொடுக்கும். இதில் ஒரு எச்சரிக்கை: டிஸ்க்கின் பெயரை 'எஸ்.டி.ஏ.' என்று மொட்டையாகத்தான் கொடுக்க வேண்டும். 1, 2 என்று நம்பர் சேர்க்கக் கூடாது. அவர் இருப்பது வாசலில், அறையில் இல்லை. இரண்டாவது 'அப்டேட் க்ரப்'. அது மெனுவைப் புதுப்பிக்கும். ரீஸ்டார்ட் பண்ணினேன். யாரும் எதுவும் கேட்காமல் மெனு நேராக வந்து நின்றது. மணி ஒன்றேகால்.

நீங்கள் ஆபீஸ் லேப்டாப்பில் கை வைக்காதீர்கள். சொந்த லேப்டாப்பில் டூயல் பூட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. இப்போதைய மாடல்களில் இந்த 512 பைட் துண்டுச்சீட்டு முறை போய், யு.இ.எஃப்.ஐ. வந்துவிட்டது. அதில் எழுப்புகிற புரோகிராம்கள் ஒரு தனிச் சின்ன பார்ட்டிஷனில் ஃபைல்களாக இருக்கும். யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவில் இருக்கும். எனவே லினக்ஸ் மெனு ஒருநாள் திடீரென்று காணாமல்போய் நேரே விண்டோஸ் வந்தால் அலறாதீர்கள். செட்டப்புக்குள் போய் அந்த வரிசையைப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ கியூவில் முந்தியிருப்பார்கள், அவ்வளவுதான். பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்தால், எதிலும் கை வைப்பதற்கு முன் அந்த 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வையுங்கள். லினக்ஸ் ஏற்றின பென் டிரைவைக் குப்பையில் போடாதீர்கள்; வாசல் திறக்காதபோது அதுதான் கொல்லைக் கதவு. 'ஃபார்மேட்' என்ற வார்த்தையை யார் சொன்னாலும் அன்று ராத்திரி தூங்கிவிட்டு மறுநாள் பதில் சொல்லுங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. சலான் காகிதத்தோடு கடைக்குப் போனேன். ஒன்றுமே நடக்காத மாதிரி கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க ஒரு பயத்தைச் சுமந்துவிட்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கப்பை நானே அழித்தது உட்பட.

அண்ணாச்சி பெயின்ட் டப்பா மூடியைத் தட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "கடைச் சாவி தொலைஞ்சா கடை தொலைஞ்சா போச்சு? என்கிட்ட சொல்லியிருந்தா கட்டர் எடுத்துட்டு வந்திருப்பேம்லா" என்றார்.

பிறகு குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். நீள நோட்டு. ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து நேற்று சாயந்தரம் விற்ற அரை அங்குலக் குழாய் வரைக்கும், ஒரு வரி விடாமல்.

"தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே அண்ணாச்சி?"

"சொன்னேன். நீ வருத்தப்படுவேன்னு. அதுக்காவ எழுதாம இருக்க முடியுமா?"

ஒரு நிமிஷம் சுருக்கென்றது. ஏழு மாதமாக என்னை நம்பவில்லையா என்று. அப்புறம் தோன்றியது. அவர் என்னையும் நம்பினார், நோட்டையும் வைத்திருந்தார். ஒன்று போனால் இன்னொன்று. அவர்தான் சரியான டூயல் பூட்!

"அண்ணாச்சி, இதே மாதிரி எனக்கும் ஒரு நோட்டு வேணும்" என்றேன். பக்கத்து ஸ்டேஷனரிக் கடைக்குப் பையனை அனுப்பி வாங்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

முதல் பக்கத்தில் அந்த நாலு வரியையும், என் டிஸ்க்கின் அறை நம்பர்களையும் எழுதினேன். 'லினக்ஸ்' என்ற பெயருக்கு நேராக 6 என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டேன்: பழைய எண் 6, புதிய எண் 5.